கடற்பனியும் சக்கரவர்த்திப் பென்குவினும்: ஓர் ஆய்வு வரலாறு

ஒரு பறவையினம் பெருகுவதும் அருகுவதும் விலங்கியலாளனின் ஆராய்ச்சிக்குரிய பொருள் என்பதே பொதுவான கருத்தாகும். அரசுகளையும் சமுதாயங்களையும் பற்றிக் கற்கும் வரலாற்று மாணவனுக்கு அங்கு என்ன வேலை என்று கேட்பாரும் உளர். ஆயின், பறவையினம் ஒன்று ஐம்பது அல்லது நூறு ஆண்டுகளில் எவ்வாறு மாறியது என்று கூற முற்படும் எவரும் தாம் நேரிற் காணாத காலத்தைப் பற்றியே பேசுகின்றனர். அக்காலத்தில் எவரோ எழுதிவைத்த நாட்குறிப்புகளையும் கப்பற் பதிவேடுகளையும் கணக்கெடுப்புகளையுமே அவர்கள் சான்றாகக் கொள்ள வேண்டியுள்ளது. அச்சான்றுகளை எழுதியவர் யார், எந்நோக்குடன் எழுதினார், எதனைக் காணாது விட்டார் என்ற வினாக்கள் எழுந்தவுடன் நாம் வரலாற்றாசிரியனின் தொழிலுக்குள் நுழைந்துவிடுகின்றோம்.

அந்தாட்டிக்காக் கண்டத்தின் கரையோரங்களில் வாழும் சக்கரவர்த்திப் பென்குவின் இத்தகைய ஆராய்வுக்கு மிகப் பொருத்தமானதோர் எடுத்துக்காட்டாகும். சமுத்திரமும் காலநிலையும் சேர்ந்தே அதன் இனப்பெருக்கத்தை நிர்ணயிக்கின்றன என்பது இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட முடிபு. 2022ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஐக்கிய அமெரிக்கா இப்பறவையை அச்சுறுத்தலுக்குட்பட்ட இனமெனச் சட்டப்படி அறிவித்தமைக்கும் இம்முடிபே ஆதாரமாயிற்று. இம்முடிபு எவ்வாறு உருவாயிற்று, அதற்கான சான்றுகள் எவ்வளவு உறுதியானவை என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பறவையும் பனிக்கட்டியும்

வரலாற்றுக்குள் நுழையுமுன் இப்பறவையின் வாழ்க்கை முறையைச் சுருக்கமாக அறிந்துகொள்ளல் அவசியம். பென்குவின்களுள் உருவத்தாற் பெரியது இதுவே. ஏனைய பறவைகள் கோடையில் முட்டையிட, இது அந்தாட்டிக்காவின் மாரிகாலத்தில் முட்டையிடுகின்றது. பெரும்பாலும் இது நிலத்தில் வாழ்வதில்லை. கரையோடு ஒட்டி உறைந்து அசையாது நிற்கும் கடற்பனிக்கட்டியின் மேலேயே கூட்டமாகக் கூடுகின்றது. ஆய்வாளர் இதனை மிதந்து திரியும் பனிக்கட்டித் திரளினின்றும் வேறுபடுத்தி நோக்குவர். இக்கட்டுரையில் இதனைக் 'கரைப்பனி' எனக் குறிப்பிடுவோம்.

மார்ச், ஏப்ரல் மாதங்களிற் பறவைகள் கடலிலிருந்து வந்து சேர்கின்றன. மே மாதத்தையொட்டிப் பெட்டை ஒரேயொரு முட்டையை இட்டு, அதனை ஆணின் பாதங்களின்மேல் ஒப்படைத்துவிட்டு உணவு தேடிக் கடலுக்குத் திரும்புகின்றது. ஆண் பறவை ஏறத்தாழ 65 நாட்கள் அடைகாக்கின்றது. அது கடலைவிட்டு வந்த நாளிலிருந்து கணக்கிட்டால் நூறு நாட்களுக்கு மேல் உணவின்றி இருக்கின்றது. உடல் நிறையில் ஐந்திலிரண்டு பங்கை அது இழந்துவிடுதலும் உண்டு. இருளிலும் கடுங்குளிரிலும் ஆண் பறவைகள் ஒன்றோடொன்று நெருங்கி நின்று உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்கின்றன. யூலை, ஓகஸ்ட் மாதங்களிற் குஞ்சு பொரிக்கும் வேளையிற் பெட்டை திரும்பிவருகின்றது. அதன்பின் தாயும் தந்தையும் மாறிமாறிக் கடலுக்குச் சென்று இரை கொணர்கின்றன. டிசெம்பர் மாதமளவில், கரைப்பனி உடையும் காலத்தில், குஞ்சுகள் நீர்புகாத இறகுகளைப் பெற்றுக் கடலுக்குச் செல்கின்றன.

இச்சுழற்சியிற் கடற்பனி மூன்று வகையாகச் செயற்படுவதை அவதானிக்கலாம். முதலாவதாக, அது பறவையின் குடியிருப்பு. டிசெம்பருக்கு முன் அது உடையுமாயின் இறகு முற்றாத குஞ்சுகள் நீரில் மூழ்கியோ குளிரில் விறைத்தோ மடிகின்றன. இரண்டாவதாக, அது பறவைக்கும் இரைக்கும் இடையிலுள்ள தூரம். கரைப்பனி மிக அகன்று பரந்த ஆண்டுகளில் திறந்த நீரை அடைவதற்குப் பறவை நெடுந்தூரம் நடக்க வேண்டியுள்ளது. பயணம் நீளக் குஞ்சுக்குக் கிடைக்கும் உணவு குறைகின்றது. மூன்றாவதாக, அது இரையின் உற்பத்தி நிலம். பனிக்கட்டியின் அடிப்புறத்தில் வளரும் அல்காக்களை உண்டு கிறில் எனப்படும் இறால்போன்ற சிற்றுயிர்கள் மாரியைக் கழிக்கின்றன. கிறிலையும் சிறுமீன்களையும் கணவாயையும் பென்குவின் உண்கின்றது. ஆகவே பனி மிகினும் தீமை, குறையினும் தீமை என்ற நிலை ஏற்படுகின்றது. இந்த இருமுகத் தன்மையை மனதிற் கொள்ளாவிடின் பின்னர் கூறப்படும் ஆய்வு முடிபுகள் ஒன்றுக்கொன்று முரணானவைபோலத் தோன்றும்.

2. குரோசியர் முனையின் மூன்று முட்டைகள்

இப்பறவைக்கு விஞ்ஞானப் பெயரிட்டவர் பிரித்தானிய விலங்கியலாளர் ஜோர்ஜ் றொபேட் கிறே ஆவர். 1844இல் அவர் இதனை அரசப் பென்குவினிலிருந்து வேறான இனமெனப் பிரித்து, கப்டன் குக்கின் இரண்டாம் பயணத்தில் உடன்சென்ற இயற்கை ஆய்வாளர் யொகான் றைன்கோல்ட் போஸ்டரின் நினைவாகப் பெயர் சூட்டினார். எனினும் இப்பறவை எங்கே, எப்போது முட்டையிடுகின்றது என்பதை அறிய மேலும் அரைநூற்றாண்டுக்கு மேல் சென்றது. 1902 ஒக்டோபரில், றொபேட் ஸ்கொட்டின் 'டிஸ்கவரி' பயணக் குழுவினர் றொஸ் தீவின் குரோசியர் முனையில் முதன்முதலாக இனப்பெருக்கக் கூட்டமொன்றைக் கண்டனர். அக்குழுவின் விலங்கியலாளராகிய எட்வேட் வில்சன் அடுத்த ஆண்டு செப்ரெம்பரில் அங்கு சென்றபோது குஞ்சுகள் ஏற்கெனவே பொரித்திருந்தன. எனவே முட்டைகள் நடுமாரியில் இடப்பட்டிருத்தல் வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அக்காலத்து விலங்கியலில் ஜேர்மானிய அறிஞர் ஏர்ண்ஸ்ட் ஹெக்கலின் கொள்கை செல்வாக்குப் பெற்றிருந்தது. ஓர் உயிரின் கரு வளரும்போது அதன் மூதாதையரின் படிவளர்ச்சி முழுவதையும் மீண்டும் கடந்து வருகின்றது என்பது அக்கொள்கையின் சாரம். சக்கரவர்த்திப் பென்குவினைப் பறவைகளுள் மிகத் தொன்மையானதாக வில்சன் கருதினார். ஆகவே அதன் கருவை ஆராய்ந்தால் ஊர்வனவற்றுக்கும் பறவைகளுக்கும் இடையிலான தொடர்பு வெளிப்படும் என்று அவர் எதிர்பார்த்தார்.

இந்நம்பிக்கையே 1911ஆம் ஆண்டின் மாரிப் பயணத்துக்குக் காரணமாயிற்று. ஸ்கொட்டின் இரண்டாம் பயணத்தின்போது வில்சன், ஹென்றி பவர்ஸ், அப்ஸ்லி செரி-கரார்ட் ஆகிய மூவரும் யூன் 27ஆந் திகதி இவான்ஸ் முனையிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தூரத்தை இருளிற் கடந்தனர். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 60 பாகை செல்சியசு வரை தாழ்ந்தது. புயல் அவர்களது கூடாரத்தைத் தூக்கிச் சென்றது. அதிர்ஷ்டவசமாக அது மீளக் கிடைத்தது. ஐந்து முட்டைகளை எடுத்தனர், இரண்டு உடைந்தன, எஞ்சிய மூன்றுடன் ஓகஸ்ட் முதலாந் திகதி முகாமுக்குத் திரும்பினர். வில்சனும் பவர்சும் அடுத்த ஆண்டு ஸ்கொட்டுடன் தென்துருவப் பயணத்தில் உயிர்துறந்தனர். செரி-கரார்ட் 1913இல் முட்டைகளை இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் ஒப்படைத்தார். அவற்றின் கருக்கள் பற்றிய இறுதி அறிக்கை 1934இலேயே வெளிவந்தது. பென்குவினின் கருவியல் பற்றிய அறிவுக்கு அவை பெரிதாக எதனையும் சேர்க்கவில்லை என்பதே அதன் சாரம். அதற்குள் ஹெக்கலின் கொள்கையும் செல்வாக்கிழந்துவிட்டது.

இப்பயணத்தை மனித உறுதியின் எடுத்துக்காட்டாகப் புகழ்வோர் பலர். நமது நோக்கிற்கு வேறொன்று முக்கியமானது. மூவரும் குரோசியர் முனையிற் கண்டது முன்னைய பயணத்தினர் கண்டதைவிட மிகச் சிறிய கூட்டம். ஏறத்தாழ நூறு பறவைகளே அங்கு நின்றன. கடற்பனியின் நிலையிலேயே இதற்கு விளக்கம் தேடப்பட வேண்டும் என்று இன்றைய வாசகன் உடனே கருதுவான். அன்றோ தேடப்பட்ட பொருள் கருவாக இருந்தது. கூட்டத்தின் அளவு போகிற போக்கிற் குறிக்கப்பட்ட செய்தியாக நின்றுவிட்டது. ஒரு காலத்தின் கேள்விகளே அக்காலத்தின் சான்றுகளையும் வரையறுக்கின்றன என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் அரிது.

3. தீவிபத்தும் ஏழு பேரும்

இரண்டாம் உலகப் போரின் பின்னர் அந்தாட்டிக்காவில் நிரந்தர நிலையங்கள் அமைக்கப்பட்டபோதே இப்பறவையை ஆண்டு முழுவதும் அவதானிப்பது சாத்தியமாயிற்று. அந்தாட்டிக் தீபகற்பத்தின் மேற்குப் புறத்திலுள்ள டயன் தீவுகளில் 1948இல் ஒரு சிறு கூட்டம் கண்டறியப்பட்டது. அங்கு ஏறத்தாழ 150 சோடிகள் இருந்தன. பிரித்தானிய ஆய்வாளர் பேர்னாட் ஸ்ரோன்ஹவுஸ் 1949ஆம் ஆண்டின் மாரியில் அக்கூட்டத்தை ஆராய்ந்து, இனப்பெருக்க நடத்தை பற்றிய தமது அறிக்கையை 1953இல் வெளியிட்டார். இத்தீவுகளுக்கு நாம் பின்னர் திரும்புவோம்.

இதே காலத்திற் கண்டத்தின் கிழக்குப் பகுதியில், பிரெஞ்சு மாலுமி டுமொன் டேர்வில் 1840இற் கண்டு தம் மனைவியின் பெயரைச் சூட்டிய அடேலி நிலத்தில், பிரெஞ்சுக் குழுவினர் இயங்கிக்கொண்டிருந்தனர். 1950இல் அவர்கள் போர்-மார்த்தன் என்னும் இடத்தில் நிலையம் அமைத்தனர். அங்கிருந்து அறுபது கிலோமீற்றருக்குச் சற்று அப்பாலுள்ள ஜியோலொஜி முனைத் தீவுக்கூட்டத்திற் சக்கரவர்த்திப் பென்குவின்கள் கூடுவதை அதே ஆண்டில் கண்டனர். நிலையம் அமைந்த இடத்திலிருந்து பறவைகளைத் தொடர்ந்து அவதானிப்பது இயலாத காரியமாக இருந்தது.

1952 ஜனவரி 23ஆந் திகதி இரவு போர்-மார்த்தன் நிலையத்தின் பிரதான கட்டடம் தீப்பற்றி எரிந்து அழிந்தது. உயிரிழப்பு நிகழவில்லை. குழுவினரிற் பெரும்பாலோர் நாடு திரும்ப, மாரியோ மாரே தலைமையில் ஏழு பேர் மட்டும் ஜியோலொஜி முனையில், பென்குவின் கூட்டத்தின் அருகிலேயே, சிறு குடிசையொன்றில் அம்மாரியைக் கழித்தனர். உயிரியலாளர் ஜான் பிரெவோவும் மருத்துவர் ஜான் ரிவோலியேயும் அவர்களுள் அடங்குவர். சக்கரவர்த்திப் பென்குவினின் முழு இனப்பெருக்கச் சுழற்சியும் நாள்தோறும் அவதானிக்கப்பட்டது அவ்வாண்டிலேயே. ஆண் பறவைகளின் நீண்ட பட்டினியையும் அவை நெருங்கி நின்று வெப்பம் காக்கும் முறையையும் விளக்கிய பிரெவோவின் பெருநூல் 1961இல் வெளிவந்தது.

1956இல், சர்வதேச புவிப்பௌதிக ஆண்டை முன்னிட்டு, அதே தீவுக்கூட்டத்தில் டுமொன் டேர்வில் நிலையம் நிரந்தரமாக நிறுவப்பட்டது. இதன் விளைவு பெரிது. பென்குவின் கூட்டத்துக்கு நடந்து செல்லும் தூரத்தில் ஆண்டு முழுவதும் மனிதர் வசிக்கலாயினர். ஆண்டுதோறும் எத்தனை சோடிகள் வந்தன, எத்தனை முட்டைகள் கைவிடப்பட்டன, எத்தனை குஞ்சுகள் மடிந்தன, எத்தனை கடலுக்குச் சென்றன என்பவை தொடர்ச்சியாக எண்ணப்பட்டன. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இத்தகைய இடையறாத பதிவு இவ்வினத்துக்கு வேறெங்கும் கிடையாது. அதன் தொடக்கத்தில் ஒரு தீவிபத்து உண்டு என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

4. எண்ணிக்கை கூறிய செய்தி

இக்கணக்கெடுப்பைத் தொடக்கியோர் காலநிலை மாற்றத்தை ஆராயும் நோக்குடன் அதனைத் தொடக்கவில்லை. வானிலை அவதானியும் பறவை எண்ணுவோரும் ஒரே நிலையத்தில் வாழ்ந்தனரெனினும் அவர்களது ஏடுகள் தனித்தனியே வளர்ந்தன. இரண்டையும் ஒப்புநோக்கும் தேவை பின்னரே உணரப்பட்டது.

கிறிஸ்தோப் பார்புரோ, ஹென்றி வைமேர்ஸ்கேர்ஷ் ஆகிய இரு பிரெஞ்சு ஆய்வாளர் 2001இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை இவ்விடயத்தில் ஒரு திருப்புமுனையாகும். 1950களிலும் 1960களிலும் ஏறத்தாழ 6,000 சோடிகளாக இருந்த ஜியோலொஜி முனைக் கூட்டம் 1970களின் பிற்பகுதியில் பாதியாகக் குறைந்தது என அவர்கள் காட்டினர். அவ்வீழ்ச்சி, இயல்பைவிட வெப்பம் கூடியும் கடற்பனியின் பரப்புக் குறைந்தும் காணப்பட்ட நீண்டதொரு காலப்பகுதியுடன் ஒத்துப்போயிற்று. அதன்பின் கூட்டம் ஏறத்தாழ அரைப்பங்கு அளவிலேயே நிலைத்து நின்றது.

இங்கு கவனத்திற் கொள்ளவேண்டியது யாதெனில், வீழ்ச்சிக்குக் காரணமானது குஞ்சுகளின் இறப்பன்று, வளர்ந்த பறவைகளின் இறப்பே என அவர்கள் கண்டமையாகும். பனி குறைந்த ஆண்டுகளில் முட்டை பொரிக்கும் வீதம் கூடியிருந்தது. உணவுக்குச் செல்லும் தூரம் குறைந்தமையே இதற்குக் காரணமெனக் கருதப்பட்டது. அதே ஆண்டுகளில் மாரிகாலத்து இரை அருகியமையால் வளர்ந்த பறவைகள் கூடுதலாக மடிந்தன என்பது அவர்களது விளக்கம். நீண்ட ஆயுளும் ஆண்டுக்கு ஒரே முட்டையும் உடைய பறவை, குஞ்சுகளை இழந்த ஓராண்டைத் தாங்கிக்கொள்ளும். முட்டையிடும் வயதினரை இழந்தாலோ அதன் மீட்சி மிகவும் மெதுவாகவே நிகழும். சிறு கிராமமொன்று ஒரு போக விளைச்சலை இழப்பதற்கும் விதைநெல்லையே இழப்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

இவ்விருவருமே 2006இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு அதே நிலையத்தின் ஏனைய பறவைகளையும் உள்ளடக்கியது. கிழக்கு அந்தாட்டிக்காவில் முட்டையிடும் ஒன்பது கடற்பறவையினங்கள், 1950களின் தொடக்கத்துடன் ஒப்பிடுகையில், சராசரி ஒன்பது நாட்கள் பிந்தி வந்து இரண்டு நாட்கள் பிந்தி முட்டையிடுவதாக அது காட்டியது. வட அரைக்கோளத்திற் பெரும்பாலான பறவைகள் முன்னதாகவே முட்டையிடத் தொடங்கியிருந்த காலத்தில் இங்கு எதிர்மாறான போக்கு நிலவியது. அப்பகுதியிற் கடற்பனி நிலைத்திருக்கும் பருவம் நீண்டமை இதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது.

பனி மிகுவதால் விளையும் கேட்டுக்கு அடேலிப் பென்குவின் சிறந்த சான்று தருகின்றது. இது கோடையில், பனி நீங்கிய பாறைத் தரையிற் கற்களாற் கூடு கட்டும் இனம். 2010ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒரு பெரும் பனிமலை மோத, மேட்ஸ் பனியாற்றின் நீண்ட நாக்கு உடைந்து பிரிந்தது. அதன்பின் அப்பகுதியின் பனிப் பரம்பல் மாறிற்று. 2013-14 பருவத்திற் கரைப்பனி கோடையிலும் உடையாது நின்றது. வழமைக்கு மாறாக மழையும் பெய்து, நீர்புகும் பஞ்சிறகுடைய குஞ்சுகளை நனைத்தது. ஜியோலொஜி முனையில் முட்டையிட்ட ஏறத்தாழ 20,000 சோடிகளின் குஞ்சுகளுள் ஒன்றேனும் தப்பவில்லை. 2016-17 பருவத்திலும் அழிவு நிகழ்ந்தது. 18,000க்கு மேற்பட்ட சோடிகளிடையே இரண்டு குஞ்சுகள் மட்டுமே எஞ்சின.

5. ஐயங்கள்

இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே காலத்தில் நிகழ்ந்தமையால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று கொள்ளுதல் தவறு என்பதை வரலாற்று மாணவர்க்குச் சொல்லவேண்டியதில்லை. 1970களின் வீழ்ச்சிக்கு வேறு காரணங்கள் கூறப்பட்டமையையும் நாம் நேர்மையுடன் ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, நிலையத்தின் பாதிப்பு. டுமொன் டேர்வில் நிலையத்தினருகே தீவுகளை வெடிவைத்துத் தகர்த்து விமான ஓடுபாதையொன்று அமைக்கப்பட்டமை அக்காலத்திற் கடுங் கண்டனத்துக்குள்ளாயிற்று. 1994இல் அது கடலலையாற் சேதமுற்றுக் கைவிடப்பட்டது. ஆயின் அதன் கட்டுமானம் 1980களுக்குரியது. வீழ்ச்சியோ அதற்கு முந்தியது. காலவரிசை இக்குற்றச்சாட்டைப் பெரிதும் வலுவிழக்கச் செய்கின்றது.

இரண்டாவது, ஆய்வு முறையின் பாதிப்பு. 1967 முதல் 1980 வரை இக்கூட்டத்தின் பறவைகளுக்குத் துடுப்பிறகில் உலோக வளையங்கள் பூட்டப்பட்டன. வளையம் நீந்துதலைத் தடைசெய்யக்கூடும் என்ற ஐயம் நெடுங்காலம் நிலவிற்று. குரோசே தீவுகளின் அரசப் பென்குவின்கள் மீது பத்தாண்டுகள் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு, வளையமிட்ட பறவைகள் குறைந்த ஆயுளும் குறைந்த குஞ்சுகளும் உடையனவென உறுதிப்படுத்தியது. அறிய விரும்பியவனின் கையே அறியப்படும் பொருளை மாற்றிவிடும் அபாயம் இங்கு வெளிப்படுகின்றது. இவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று.

மூன்றாவது, இடம்பெயர்வு. காணாமற் போன பறவை இறந்துவிட்டது என்பது எடுகோளே. அது வேறு கூட்டத்துக்குச் சென்றிருக்கலாம். செய்மதிப் படங்களைப் பயன்படுத்திய பிற்கால ஆய்வாளர், சக்கரவர்த்திப் பென்குவின்கள் முன்னர் கருதப்பட்டதைவிட இடம்மாறும் இயல்புடையன எனக் காட்டி, 1970களின் வீழ்ச்சியில் ஒரு பகுதி இடம்பெயர்வாக இருக்கலாம் என்றனர்.

நான்காவது ஐயம் பறவைகளைப் பற்றியதன்று, பனியைப் பற்றியது. கடற்பனியின் பரப்பைச் செய்மதிகள் தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியிலேயே. அதற்கு முன்னர் பனி எவ்வளவு பரந்திருந்தது? இதனை அறிய அவுஸ்திரேலிய ஆய்வாளர் வில்லியம் டி லா மேர் நூதனமானதொரு வழியைக் கையாண்டார். திமிங்கில வேட்டைக் கப்பல்கள் பனிக்கட்டியின் விளிம்பையொட்டியே பெரிதும் தொழில் செய்தன. கொல்லப்பட்ட திமிங்கிலம் ஒவ்வொன்றும் பிடிபட்ட இடம் பதியப்பட்டது. அப்பதிவுகளிலிருந்து, 1950களின் நடுப்பகுதிக்கும் 1970களின் தொடக்கத்துக்கும் இடையிற் கோடைகாலப் பனி விளிம்பு ஏறத்தாழ மூன்று அகலக்கோட்டுப் பாகை தெற்கே பின்வாங்கியது என 1997இல் அவர் வாதிட்டார். கப்பல்கள் வேட்டையாடிய திமிங்கில இனங்களும் வேட்டை முறையும் அக்காலத்தில் மாறியமையால், பதிவுகளை நேராகப் பனியின் அளவாகக் கொள்ளலாகாது எனப் பிறர் மறுத்தனர். வணிகத்துக்காக எழுதப்பட்ட ஏடு காலநிலைக்குச் சான்றாகுமா என்ற இவ்விவாதம், வரிப்பதிவேடுகளைக் கொண்டு குடித்தொகையை மதிப்பிட முயலும் வரலாற்றாசிரியர்க்கு நன்கு பழக்கமானது.

இவ்வையங்களைத் தொகுத்து நோக்குமிடத்து, ஜியோலொஜி முனையின் சான்று ஒன்றை மட்டும் கொண்டு முடிவுகட்டுதல் பொருத்தமன்று என்பது பெறப்படும். ஓரிடத்து ஆவணம் எவ்வளவு நீண்டதாயினும் ஓரிடத்து ஆவணமே. வேறிடங்களிலிருந்து கிடைக்கும் சுயாதீனமான சான்றுகளே அதனை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ வல்லன.

6. ஏனைய இடங்களின் சாட்சியம்

அத்தகைய முதற் சாட்சியம் டயன் தீவுகளிலிருந்து வந்தது. ஸ்ரோன்ஹவுஸ் ஆராய்ந்த அச்சிறு கூட்டம் 1970கள் முதல் தொடர்ந்து குறைந்து வந்தது. 2009இல் விமானத்திலிருந்து நோக்கியபோது அங்கு ஒரு பறவையேனும் காணப்படவில்லை. தீபகற்பத்தின் மேற்குப் புறம் அக்காலத்தில் வேகமாக வெப்பமுற்று, கடற்பனி நிலைக்கும் பருவம் சுருங்கிவந்தது. சக்கரவர்த்திப் பென்குவின் கூட்டமொன்று மறைந்துபோனமை பற்றிய முதலாவது ஆவணப்படுத்தப்பட்ட நிகழ்வாக இது 2011இல் வெளியிடப்பட்டது. அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் ஸ்ரோன்ஹவுசும் ஒருவர். இளமையில் தாம் விவரித்த கூட்டத்தின் மறைவை முதுமையில் அவரே பதிவுசெய்ய நேர்ந்தது.

இரண்டாவது சாட்சியம் செய்மதிகளுடையது. பென்குவின்களின் எச்சம் வெண்பனியிற் கபில நிறக் கறையாகப் படிவதைச் செய்மதிப் படங்களில் இனங்காணலாம் எனப் பிரித்தானிய ஆய்வாளர் பீற்றர் பிரெற்வெல்லும் பில் ட்ராதனும் 2009இற் காட்டினர். 2012இல், 46 கூட்டங்களும் ஏறத்தாழ 595,000 பறவைகளும் உள்ளன என்ற கணக்கு வெளியாயிற்று. முன்னர் கருதப்பட்டதைப் போன்று ஏறத்தாழ இருமடங்கு அது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறியப்பட்ட கூட்டங்களின் தொகை 66 ஆயிற்று. எண்ணிக்கை கூடியமை பறவைகள் பெருகியதாற் சம்பவித்ததன்று. காணும் கண் கூர்மையடைந்ததன் விளைவே என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

அக்கண் விரைவிலேயே வேறு காட்சிகளையும் கண்டது. வெடல் கடலோரத்தில், ஹலி விரிகுடாவில், உலகின் இரண்டாவது பெரிய கூட்டம் இருந்தது. 2015இல் எல் நினோவுடன் தொடர்புபட்ட கடும் புயல்களின் பின்னர் அங்குக் கரைப்பனி உரிய காலத்துக்கு முன் உடையலாயிற்று. 2016 முதல் 2018 வரை மூன்று ஆண்டுகள் குஞ்சுகள் ஏறத்தாழ முற்றாக அழிந்தன. ஆயின் தெற்கேயுள்ள டோசன்-லாம்ப்டன் கூட்டம் அதே காலத்தில் வெகுவாகப் பெருகியது. அழிவும் இடம்பெயர்வும் ஒருங்கே நிகழக்கூடும் என்பதை இது தெளிவாக்கியது. முன்னர் எழுந்த மூன்றாவது ஐயம் ஆதாரமற்றதன்று என்பதும் புலனாயிற்று.

அந்தாட்டிக்காவின் கடற்பனி 2014 வரை சற்றே கூடிவந்து, அவ்வாண்டில் உச்சத்தை எட்டியது. 2016 முதல் அது சடுதியாகக் குறைந்தது. 2023 பெப்ரவரியிற் பதிவாகிய 17.9 இலட்சம் சதுர கிலோமீற்றர் என்ற அளவு செய்மதிக் காலத்தில் மிகக் குறைந்ததாகும். இதற்குச் சற்று முன்னர், 2022இன் பிற்பகுதியில், பெலிங்ஸ்ஹவுசன் கடலோரத்துக் கூட்டங்கள் ஐந்தில் நான்கில் குஞ்சுகள் இறகு முற்றுமுன்னரே பனிக்கட்டி உடைந்து மறைந்தது. அந்நான்கிலும் இனப்பெருக்கம் முற்றாகத் தோல்வியுற்றது. ஒரு பிரதேசம் முழுவதும் ஒரே பருவத்தில் இவ்வாறு பாதிக்கப்பட்டமை அதற்கு முன் பதியப்படாதது. அருகிலுள்ள கூட்டத்துக்கு இடம்பெயர்தல் என்னும் புகலிடமும் இத்தகைய வேளையிற் பயன்படாது போகின்றது.

எதிர்காலம் பற்றிய கணிப்புகளும் இச்சான்றுகளிலிருந்தே உருவாகின்றன. 2014இல் ஸ்ரெபனி ஜெனூவ்ரியேயும் சக ஆய்வாளரும், அடேலி நிலத்தின் நீண்ட பதிவைக் காலநிலை மாதிரிகளுடன் இணைத்து ஆராய்ந்தனர். 2100ஆம் ஆண்டளவில் அறியப்பட்ட எல்லாக் கூட்டங்களும் குறைந்து செல்லும் நிலையில் இருக்கும். அவற்றுள் மூன்றிலிரண்டு பங்காவது பாதிக்கு மேல் வீழ்ச்சியடையும் என அவர்கள் கணித்தனர். இது முன்கூட்டிய தீர்ப்பன்று. வளிமண்டலத்திற் சேரும் காபனீரொட்சைட்டின் அளவை மனிதர் எவ்வாறு கட்டுப்படுத்துவர் என்பதைப் பொறுத்தே இக்கணிப்பு மெய்யாவதும் பொய்ப்பதும் அமையும்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிபுகளைப் பெறலாம். சக்கரவர்த்திப் பென்குவினின் இனப்பெருக்கம் கடற்பனியின் காலத்தையும் பரப்பையும் சார்ந்தது என்னும் கூற்று ஒரே ஆவணத்தின்மேல் நிற்பதன்று. அடேலி நிலத்தின் கணக்கெடுப்பு, டயன் தீவுகளின் மறைவு, ஹலி விரிகுடாவினதும் பெலிங்ஸ்ஹவுசன் கடலினதும் செய்மதிப் படங்கள் ஆகியன வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு முறைகளால், வெவ்வேறு நோக்கங்களுக்காகத் திரட்டப்பட்டவை. அவை ஒரே திசையைச் சுட்டும்போது முடிபு வலுப்பெறுகின்றது. 1970களின் வீழ்ச்சியில் வளையத்துக்கும் இடம்பெயர்வுக்கும் உள்ள பங்கு இன்னும் விவாதத்துக்குரியதே. அவ்விவாதம் பிற சான்றுகளின் வலுவைக் குறைப்பதன்று.

இன்னொரு முடிபு ஆய்வுத்துறை சார்ந்தது. மூன்று முட்டைகளுக்காக உயிரைப் பணயம் வைத்த பயணம் உலகப் புகழ்பெற்றது. அதன் விஞ்ஞானப் பயனோ சொற்பம். ஜியோலொஜி முனையில் ஆண்டுதோறும் மடிந்த குஞ்சுகளை எண்ணி ஏட்டிற் குறித்தவர்களுட் பலரின் பெயர் அத்துறைக்கு வெளியே எவருக்கும் தெரியாது. இன்று உலகம் ஆதாரமாகக் கொள்வது அவர்களது ஏட்டையே. அவர்கள் எண்ணத் தொடங்கியபோது அவ்வெண்கள் எதற்குப் பயன்படும் என்பதை அறிந்திருக்கவில்லை. ஓராண்டு எண்ணாது விடப்பட்டிருந்தால் அவ்வாண்டை எக்கருவியைக் கொண்டும் மீளப்பெற முடியாது. நீண்டகாலக் கணக்கெடுப்புகளுக்கு நிதி ஒதுக்குவோர், உடனடிப் பயன் என்ன என்று வினவும் போதெல்லாம் இவ்வரலாற்றை நினைவிற் கொள்வது நன்று.

பறவைகள் எழுதிவைப்பதில்லை. அவற்றின் கடந்தகாலம் மனிதர் எழுதிவைத்த அளவுக்கே நமக்குக் கிட்டுகின்றது. டயன் தீவுகளின் 150 சோடிகளை 1948இல் எவரும் எண்ணாதிருந்தால், 2009இல் அங்கு நின்ற வெறுமையை ஓர் இழப்பென்று அறிவதற்குக்கூட நமக்கு வழி இருந்திராது.